தொடுமேசைக்கு அம்பு முனைகள்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் பொம்மைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிற்கும் ஆதிமனிதர்கள், அவர்கள் தோளில் கிடக்கும் மான், குகை வாசலில் எரியும் நெருப்பு எல்லாமே அவள் கைவேலை. பிளாஸ்டரோ மெழுகோ ரெசினோ, அவளுக்குப் படியாத பொருள் கிடையாது என்று பேர். அந்தப் பேருக்குத்தான் சோதனை வந்தது.

பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு மேசை போடலாம் என்று இயக்குநர் மேடம் முடிவு செய்தார். மேசையில் முதலில் வரவேண்டியது கல் அம்பு முனைகள். பொம்மைக்காரம்மா பழைய முனைகளை அச்செடுத்து, ரெசினில் வார்த்து, நிறம் பூசினாள். அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்தபோது மேடமே தடுமாறினார்.

சரிபார்த்துச் சொல்ல ஒருவரை வரவழைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மனதில் பட்டதை மென்று விழுங்கும் பழக்கமும் இல்லை. ஒரு முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"என்னம்மா இது? சீப்போட உடைஞ்ச துண்டா?"

"கல் அம்பு முனை சார்."

"கல்லா? கையில எடுத்ததுமே சூடாயிடுச்சே. கல்லுன்னா கொஞ்ச நேரமாவது ஜில்லுன்னு முரண்டு பிடிக்கும். கனமும் இல்ல. பார்க்கறவங்கள ஏமாத்துங்க, பரவாயில்ல. எங்கள எதுக்கும்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் போன கையோடு மேடத்தின் அறைக்குப் போய், "நிஜக் கல்லுலேயே பண்ணிடறேன் மேடம்" என்றாள். ரோஷத்தில் வாயைக் கொடுத்தாயிற்று. இனி கைதான் பதில் சொல்ல வேண்டும்.

சிக்கிமுக்கிக் கல்லை உருண்டைக் கல்லால் தட்டி, உள்ளங்கையளவு தட்டையான வில்லையாக்குவது அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. வினை அதற்குப் பிறகுதான். வில்லையை அம்பு முனையாக்கத் தட்டக்கூடாது, அழுத்த வேண்டும். தோல் துண்டை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் வில்லையைப் பிடித்து, செம்பு முனை வைத்த கருவியால் ஓரத்தில் அழுத்தினால், அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய செதில் ஒன்று நீளமாகக் கழன்று வர வேண்டும். அப்படி இரண்டு பக்கமும் வரிசையாக எடுத்துக்கொண்டே போனால் கல் மெலிந்து கூராகும்.

அவளுக்குச் செதில் வரவில்லை, தூள்தான் வந்தது. ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. வில்லை அகலத்தில் குறைந்ததே தவிர, நடுவில் மேடு அப்படியே நின்றது. இன்னும் பலமாக அழுத்தினால் இரண்டாக முறிந்தது.

கருவியைச் செய்து கொடுத்தது அவள் கணவர். எலக்ட்ரீஷியன் என்பதால் தடித்த செம்புக் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டை மரப்பிடியில் இறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் அவள் வேலை செய்யும் பட்டறையறையின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"கல்லு உடைக்கத் தெரியும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, எப்பவோ சொந்த வீடு கட்டியிருக்கலாமே?"

"போங்க அந்தப் பக்கம். செதில் கண்ணுல படப்போகுது."

மணிக்கட்டு வீங்கியது. காலையில் டீ வடிகட்டப் போனவள் பாத்திரத்தை நழுவவிட்டாள். அவர் தரையைத் துடைத்தார். பிறகு அவள் கையைத் தூக்கிப் பார்த்து, "அடம் பிடிக்கறது கல்லா நீயான்னு எனக்குப் புரியல. முடியலன்னா முடியலன்னு சொல்லிடேன்" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அந்த ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கைவிட மனம் ஒப்பவில்லை. கூப்பிட்டனுப்பி, அவர் வந்ததும், உருப்படாமல் போன துண்டுகளையெல்லாம் தட்டில் கொட்டி முன்னால் வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார். "இப்ப கல்லுதான். ஆனா எல்லாம் நடுவுல தொந்தி போட்டிருக்கே! அசல் எப்படி இருக்கும்? ஒருதரம் குடுங்களேன்."

கூட இருந்த மேடம் யோசித்தார். பிறகு காட்சிக்கு வைக்காத இழுப்பறையிலிருந்து ஒரு முனையைக் கொண்டுவந்தார். செய்துகொண்டிருக்கும்போதே முறிந்துவிட்டதால் அந்தக் காலத்து ஆள் வீசியெறிந்துவிட்டுப் போனது அது. ஆபரேட்டர் அதன் ஓரங்களில் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நின்று, திரும்பவும் ஓட்டினார்.

"இந்தப் பக்கம் கையைக் கிழிக்குது. இந்தப் பக்கம் ஏன் மொக்கையா இருக்கு?"

"மண்ணுக்குள்ள கிடந்து தேய்ஞ்சிருக்கும்" என்றார் மேடம்.

"அப்ப கூரா இருக்கற பக்கம் மட்டும் மண்ணுல கிடக்கலையா?"

பொம்மைக்காரம்மா துண்டை வாங்கி லென்சுக்கு அடியில் வைத்தாள். மொக்கையான ஓரத்தில் குறுக்காகப் பொடிப்பொடிக் கீறல்கள். தானாகத் தேய்ந்தது அல்ல, சொரசொரப்பான எதிலோ வேண்டுமென்றே தேய்த்தது. அடுத்த செதில் எடுக்க வேண்டிய ஓரம் அது. எடுப்பதற்குள் கல் முறிந்துவிட்டது.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாளும் இருப்பதிலேயே மெல்லிய கூரான ஓரமாகப் பார்த்துச் செம்பு முனையை வைத்திருக்கிறாள். பிஸ்கட் ஓரத்தில் ஆணியை வைத்து அழுத்தினால் உதிராமல் என்ன செய்யும்?

"உங்க விரல்ல கண்ணு இருக்கு சார்!"

"அதெல்லாம் சொல்லாதீங்கம்மா. நேத்து ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்."

மறுநாள் சொரசொரப்பான மணற்கல் ஒன்றைத் தேடியெடுத்து, ஓரத்தைப் பரபரவென்று தேய்த்து மழுக்கினாள். செம்பு முனை இப்போது வழுக்காமல் உட்கார்ந்தது. மணிக்கட்டுக்கு வேலை வைக்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் கொடுத்து, தொடைகளை நெருக்கினாள். முன்பெல்லாம் எடுத்த எடுப்பில் கீழ்நோக்கி அழுத்துவாள். இப்போது கல்லின் நடுவைப் பார்த்து உள்ளே தள்ளினாள், அந்த அழுத்தம் குறையாமல் கடைசியில் சற்றே கீழே சாய்த்தாள்.

டிக் என்றது. தோலைத் திருப்பிப் பார்த்தாள். மீன் செதில் போல மெல்லியதாக, ஓரத்திலிருந்து நடு மேட்டையும் தாண்டி வந்திருந்த ஒரே செதில். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் போன காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லாருக்கும்மா" என்று அவர் மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. அம்புத் தண்டோடு சேர்த்துக் கட்டுவதற்கான பள்ளத்தை அடிப்பக்கத்தில் வெட்டும்போது, அழகாக வந்த ஒரு முனையில் பள்ளத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த காது உடைந்து போனது. தேய்த்தல், வைத்தல், தள்ளுதல் என்று கை தானாகப் பழகிய பிறகு உடைவது குறைந்தது. மணிக்கட்டு வீக்கமும் வடிந்தது.

மேசை திறந்த அன்று ஆபரேட்டர் தன்னைப் போலவே பார்வையில்லாத நண்பர்களோடு வந்தார். ஒரு முனையை எடுத்து மூடிய கையில் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார். பாராட்டு அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. முனை கைமாறிக் கைமாறிப் போனது. கடைசியில் நின்ற ஒரு பெண், "இதை நாங்களே பண்ணிப் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள்.

மேடம் தயங்கினார். பொம்மைக்காரம்மா மட்டும் தயங்கவில்லை. அடுத்த வாரமே பட்டறையறையில் நாற்காலிகள் போட்டு, ஆளுக்கொரு தோல் துண்டும் கையுறையும் கொடுத்தாள். பாதுகாப்புக் கண்ணாடியையும் நீட்டினாள்.

ஆபரேட்டர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எங்களுக்கு எதுக்கும்மா இது? இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

"செதில் தெறிச்சா வலிக்குமா வலிக்காதா? பேசாம மாட்டுங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.