அப்பாவுக்குப் புரியாத பாஷை

என் தம்பி ரூபனுக்குப் பைத்தியம் இல்லை. இதை நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னேன், காவலாளியிடம் சொன்னேன், மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண்ணிடம்கூடச் சொன்னேன். எல்லாரும் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஈப்போ பக்கம் ஒன்று, அது போதும்.

இருபத்தாறு நாளாக அவன் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. மலாயும் பேசவில்லை. தாப்பா பஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தவனைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தபோது, யாருக்கும் விளங்காத எதையோ பேசிக்கொண்டிருந்தானாம். யாருக்கும் விளங்காதது என்றே எழுதியும் வைத்துவிட்டார்கள். எனக்கு விளங்கும். பாதியாவது விளங்கும்.

டாக்டர் விமலாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண்தான். திங்கட்கிழமை எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, நோயாளிங்க சொந்தமா வார்த்தை உண்டாக்கிப் பேசுறது ஒரு அறிகுறி. நான் சொல்லல, புஸ்தகம் சொல்லுது. வியாழக்கிழமை முடிவெடுக்கணும். இப்படியே இருந்தா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். எத்தன மாசம்னு சொல்ல முடியாது."

"அது வியாதி இல்ல டாக்டர், பாஷை! சின்னதுல நாங்க ரெண்டு பேரும் செஞ்சது. எனக்கும் தெரியும்."

"அத நீங்க நிரூபிக்க முடியுமா?"

"ஏன் முடியாது? முடியும்லா!"

வாய் முந்திக்கொண்டது. அந்தப் பாஷையில் நான் ஒரு வார்த்தை பேசிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஜெயபாலன் உட்கார்ந்திருந்தார். கோயில் கமிட்டிச் செயலாளர். எங்கள் புந்தோங்கில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். "இவளுக்குத் தம்பின்னா உயிரு டாக்டர்," என்று சிரித்தார். திரும்பும்போது காரில் நான் ஜன்னல் பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். வெளியில் என் வாய் எட்டூருக்குக் கேட்கும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைத்துவிடுவேன்.

அந்தப் பாஷையைச் செய்தபோது எனக்குப் பத்து வயது, ரூபனுக்கு ஏழு. தாப்பா பக்கத்தில் பால்மரத் தோட்டம், ரப்பர்தான், இப்போது முழுக்கச் செம்பனை. அம்மா இல்லை. அப்பா பால்மரம் சீவிவிட்டு வந்து சம்சு குடித்தால், கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பார். அவர் முன்னாலேயே நாங்கள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியும், பாசார் மலாய் தெரியும், சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் பழகிய ஹொக்கியன் கொஞ்சம் தெரியும். ஆகவே மூன்றிலும் இல்லாத சத்தமாகத் தேடினோம். பின்கதவுக்கு ரெவுல்லி. ஓடு என்பதற்கு டிமுசோ. மொத்தம் அறுபது சொல் இருக்கும். அப்பா எங்களைப் பார்த்து, "என்னடா, காக்கா மாதிரி கத்துதுங்க," என்பார். நாங்கள் அதற்குள் பின்கதவைத் தாண்டியிருப்போம்.

அப்பா செத்ததும் நான் அதை விட்டுவிட்டேன். ரூபன் விடவில்லை. கார் கழுவும் கடையில் வேலை, ஐந்து வருடமாக எங்கள் வீட்டில்தான் இருந்தான், சாயங்காலமானால் நோட்டில் புதுச்சொல் எழுதுவான். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஜெயபாலன் இரண்டு நோட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "முப்பத்தாறு வயசுக் கழுதைக்கு என்னா விளையாட்டு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானமே கார் கழுவும் கடைக்கு ஓடினேன். அவனோடு வேலை செய்யும் பத்துமலை, ரூபனின் பெட்டியைத் திறந்து ஒரு நீல நோட்டை எடுத்துக் கொடுத்தான்.

"இந்தாங்கக்கா. எனக்கும் சொல்லிக் குடுத்தான், மண்டையில ஏறல. அவன் நல்லா இருக்கானா?"

"வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துருவான்," என்றேன். அவன் என்னமோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். எனக்கு இருந்த அவசரத்தில் கேட்கவில்லை.

நானூறுக்கு மேல் சொற்கள். நான் வேலை செய்யும் இரும்புக்கடையில் பில் புத்தகத்துக்கு அடியில் நோட்டை வைத்துக்கொண்டு, முப்பத்தொன்பது வயதில் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிப்பவள்போல முணுமுணுத்தேன். காசு வாங்கும் ஷாமினி கைப்பேசியில் கொரியன் படிக்கிறவள். எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது எந்த நாட்டு பாஷ?"

"எங்க வீட்டு பாஷ."

"அலாமாக்! எத்தன பேரு பேசுறாங்க?"

"ஒண்ணரப் பேரு," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். பெல்ட்டுக்கு மட்டும் மூன்று சொற்கள் இருந்தன. ஆணியில் தொங்கும் பெல்ட்டுக்கு ஒன்று, இடுப்பில் இருக்கும் பெல்ட்டுக்கு ஒன்று, கையில் இருக்கும் பெல்ட்டுக்கு ஒன்று. அப்பாவை நினைத்து எழுதியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா சம்சுப் போத்தலாலும் விறகாலும் அடித்தவர். அவர் பெல்ட்டுக் கட்டி நான் பார்த்ததே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பக்கத்தைத் திருப்பினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் ரூபனும். இந்தப் பக்கம் நானும் ஜெயபாலனும். கதவருகே ஒரு மிஸ்ஸி. ரூபன் பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்தான், ஜெயபாலனைப் பார்த்தான், பிறகு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோதனை எளிதுதான் என்றார் டாக்டர். என்னை வெளியே நிறுத்திவிட்டு அவனிடம் ஐந்து படங்களைக் காட்டுவார். அவன் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வார். நான் வந்து கேட்டு, என்ன படம் என்று சொல்ல வேண்டும். ஜெயபாலனும் என்னோடு வெளியே வந்து நின்றார். "தோத்துட்டா அழுவாத. அவன அங்கதான் நல்லா பாத்துக்குவாங்க," என்றார்.

உள்ளே போனதும் முதல் சொல் ஒலித்தது. குடை. இரண்டாவது, நாய். டாக்டரின் முகம் நிமிர்ந்தது. மூன்றாவது சொல் நோட்டில் இருந்ததா இல்லையா என்றே ஞாபகம் வரவில்லை. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன்.

"சாவி?" என்றேன்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சாவிதான்! நான்காவது, பஸ். ஐந்தாவதை ரொட்டி என்றேன், அது மீனாக இருந்தது. அதனால் என்ன? ஐந்துக்கு நாலு! டாக்டர் விமலா மிஸ்ஸியைப் பார்த்து, "பாஷைதான்," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு," என்று டாக்டர் ரூபன் பக்கம் திரும்பினார். "நாங்க பேசுற தமிழ் உங்களுக்கு விளங்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏன் பேச மாட்டேங்குறீங்க? வீட்டுக்குப் போவணும்னு ஆசை இல்லையா?"

ரூபன் என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காமல் போயிருக்கக் கூடாதா? அவன் சொன்னது இதுதான். கையில் பெல்ட்டு. குளியலறை. இவர். தமிழில் ஒரு வார்த்தை வெளியே போனால் அக்காவைச் சும்மா விடமாட்டேன் என்றார். அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

"என்னலா சொல்றான்?" என்று ஜெயபாலன் சிரித்துக்கொண்டே கேட்டார். மேசைக்கு அடியில் அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

"வீட்டுக்கு வரணுமாம் டாக்டர்," என்றேன். "கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றான்."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். டாக்டர் மூச்சு விட்டார். "அப்ப நல்லதுக்கா. தஞ்சோங் ரம்புத்தான் வேணாம். இன்னைக்கே வீட்டுக்குப் போலாம்," என்று பேனாவை எடுத்தார். மூன்று நாளாக நான் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

ரூபனுக்குத் தமிழ் விளங்கும். நான் சொன்னதைக் கேட்டான். அவன் கத்தியிருந்தால், என்னைக் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து நின்றான். ஆஸ்பத்திரிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். கீழே குனிந்து செருப்பைத் தேடினான். என்னோடு வருவதற்குத்தான்.

"டாக்டர், எழுதாதீங்க," என்றேன். "நான் பொய் சொல்லிட்டேன்."

"தினேஸ்," என்று என் பெயரைச் சொல்லி ஜெயபாலன் என் முழங்கையைப் பிடித்தார். "வா, வெளியில போயி கோப்பி குடிச்சிட்டு வரலாம்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். "இவரு அவனக் குளியலறையில வச்சு பெல்ட்டால அடிக்கிறாரு. அதத்தான் சொன்னான். வீட்டுக்கு வரமாட்டேன்னான். எனக்கு முன்னமே தெரியும் டாக்டர். உள்ள சத்தம் கேட்டா நான் டீவிய சத்தமா வச்சிருவேன்."

சொல்லிவிட்டேன்.

ஜெயபாலன் என் கையை விட்டார். கோபப்படவே இல்லை, அதுதான் பயங்கரம். வருத்தப்பட்டவர்போல டாக்டர் பக்கம் சாய்ந்து, "இத நான் வெளிய சொல்லாம இருந்தேன். அவங்க குடும்பத்துலயே இது இருக்கு. தம்பிக்கு மட்டும் இல்ல," என்றார். "நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவன் பேசுன பாஷை இவ ஒருத்திக்குத்தான் தெரியும். மொதல்ல வீட்டுக்கு வரணும்னான்னு சொன்னா. இப்ப அடிக்கிறேன்னு சொல்றா. ரெண்டுல எது நெசம்? கேக்குறதுக்கு வேற ஆளு இருக்கா?"

இல்லை. உலகத்திலேயே இல்லை. பாவி, நான் சொன்ன பொய்யையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். டாக்டர் விமலா பேனாவை வைத்துவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, எனக்கு உங்கள நம்பணும்னு இருக்கு. ஆனா நான் என்னன்னு எழுதறது?" என்றார்.

ரூபனைப் பார்த்தேன். அவன் ஒரு கால் செருப்போடு நின்றுகொண்டிருந்தான். முதல் தடவை காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஜெயபாலனையும் பார்க்காமல், டாக்டரைப் பார்த்துத் தமிழில் பேசினான்.

"அக்கா சொன்னது நெசம் டாக்டர். அவங்க சொல்லாதது ஒண்ணு இருக்கு. போன தீபாவளிக்கு மொத நாளு அவங்க கைய ஒடச்சதும் இவருதான்."

ஜெயபாலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மிஸ்ஸி கதவைத் திறந்து, "கார்ட்!" என்று கூப்பிட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, "அப்படியாக்கா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்," என்றேன்.