பிந்தி விழுந்த இடி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் மனைவி சாய்யூனின் விரலுக்கு வயதாகிவிட்டதென்று ஒருவன் சொன்னான். அவனைக் கதைக்குள் இழுத்து உதைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தைக்கூட நம்ப முடியவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: "யுன்லினில், மாஸு அம்மன் கோயில் வாசலில், மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை..."

வேண்டாம். நான் கதிரவனைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

எங்களுடையது கைப்பொம்மை நாடகக் குழு. பொம்மைகள் என் கையில். இடி, வாள், குதிரைக் குளம்பு எல்லாம் சாய்யூன் முன்னால் இருக்கும் பொத்தான்களில். பொத்தான்களைக் கணினியோடு சேர்ப்பது உள்ளங்கை அகல யுஎஸ்பி பலகை. (யுஎஸ்பி என்றால் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்டவனிடமிருந்தெல்லாம் வேறு வேறு பதில்தான் வந்தது.)

திருவிழா முதல் நாள். எதிர் மேடையில் போட்டிக் குழு. எங்கள் வீரன் அடித்தான். வில்லன் விழுந்தான். சத்தமே இல்லை. அப்புறம்தான் இடி விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

குழுவை நடத்துபவன் என் அக்கா மகன் ஜியன்-ஹோங். முகம் சிவந்து வந்தான்.

"அத்தே, விரலுக்கு வயசாயிடுச்சா? நாளைலேருந்து வேற ஆள உக்கார வெக்கறேன். நீங்க டீ போட்டுக் குடுங்க, போதும்."

"டீயும் லேட்டாத்தான்டா வரும்" என்றாள். ஆனால் பன்றிக் குழம்புச் சோற்றைத் தொடவில்லை. (சாய்யூன் சோறு வேண்டாமென்றது என் கதையில் முதல்முறை. வாழ்க்கையிலும்தான்.)

3

மறுநாள் காலை எல்லாவற்றையும் முன்போலவே ஓடவிட்டுப் பார்த்தோம். கம்பியை மாற்றினோம். பலகையையே மாற்றினோம். புதுப் பலகையும் அதே மந்தம்.

"பாத்தீங்களா மாமா? பலகை மேல தப்பில்ல, விரல் மேலதான்" என்றான் ஜியன்-ஹோங்.

(வாசகரே, இங்கே நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். உங்களையும் நான் நம்பவில்லை.)

கணினியில் செருகியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

"ஐயோ மாமா, அது கேமரா! ஃபோன்ல லைவ் பாக்கறவங்களுக்கு..."

"நீ அழுத்துடி!"

அழுத்தினாள். இடி அந்த நொடியே என் காதுக்குள் விழுந்தது.

ஒரு துளையை நாலாகப் பிரிக்கும் பெட்டியில் கேமராவும் பலகையும் சேர்ந்தே செருகியிருந்தன. கேமரா அனுப்பும் படங்கள் வழியை அடைத்துக்கொள்ள, பொத்தானின் செய்தி வரிசையில் நின்றிருக்கிறது.

"யாருடா இதச் சொருகினது?"

"நாந்தான் அத்தே."

"உனக்கு டீ போடத் தெரியுமா?"

4

இங்கேயே முடித்திருக்கலாம். சாய்யூன் விடவில்லை.

இரண்டாம் நாள் கேமராவுக்குத் தனித் துளை. வீரன் அடித்ததும் இடி டாணென்று விழுந்தது. கூட்டம் சும்மா இருந்தது. பாக்கு விற்பவள் கத்தினாள்: "நேத்து மாதிரி பண்ணுங்கய்யா! எதிர் மேடைய விட்டுட்டு அதுக்குத்தான வந்தோம்!"

அடுத்த அடி. வில்லன் விழுந்தான். இடி இல்லை. திரும்பினேன். சாய்யூனின் விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நிற்கிறது. சிரிப்பை அடக்கி உதடு துடிக்கிறது.

புரிந்துவிட்டது. வில்லனை எழுப்பிப் புழுதி தட்டவிட்டேன். வீரன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கடா உன் இடி? கோயிலுக்குப் போயிருக்கா?" என்றான் வில்லன். எதிர் மேடைக் கூட்டம் நாற்காலிகளோடு இந்தப் பக்கம் நகர்ந்தது.

முடிவு ஒன்று: அவள் அழுத்துகிறாள், எல்லோரும்... சப்பென்று இருக்கிறது.

முடிவு இரண்டு: ஜியன்-ஹோங் தேநீரோடு வந்து, "அத்தே, மன்னி..." அவன் அப்படியெல்லாம் கேட்கிறவன் இல்லை. தேநீர் மட்டும் வந்தது.

எப்போது அழுத்துவாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இனி பலகையைக் குறை சொல்ல முடியாது, விரலையும்தான். கொஞ்சம் சீக்கிரம். பொம்மைகளைத் தூக்கிப் பிடித்து எனக்குக் கை வலிக்கிறது.