மூன்றாவது மிஷினுக்குப் பின்னால்

சலவைக்கடையில் மூன்றாவது மிஷினுக்குப் பின்னால் குவிந்து கிடந்த வெள்ளைப் பஞ்சு முழுவதும், இஸ்திரிக்காரர் தன் மனைவியிடம் பேசி அவள் காதில் விழாமல் போன பேச்சு. துணிப்பிசிறு என்று நினைத்துத்தான் எல்லோரும் அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடை மனைவியின் பெயரில் இருந்தது. தெருவே அவளை முதலாளியம்மா என்றது. எட்டு மிஷின்களின் இரைச்சலில் பல வருஷம் நின்றதில் அவளுடைய காது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டிருந்தது. அவள் ஒப்புக்கொண்டால்தானே? இந்தக் காலத்து ஜனங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். இஸ்திரிக்காரர் அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறக்காதவர். அவள் திரும்பிக்கொண்டதும் அந்த முதுகைப் பார்த்து, சட்டைக்கு மடிப்பு எடுத்தபடியே, மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார். பஞ்சு இடுப்பளவு வளர்ந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தப் பக்கம் மிஷின் சூடு அதிகம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் முதலாளியம்மா ஒரு வாடிக்கையாளரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அவர் தட்டோ தட்டென்று தட்டியும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு வீம்பு பிடிக்க முடியாமல் காது டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா, செயற்கை நுண்ணறிவு உள்ள புதுக் காது மிஷின் ஒன்றை மாட்டிவிட்டு, அது இரைச்சலைத் தணித்துப் பேச்சைத் தூக்கித் தரும், யாருடைய பேச்சையும் பேசியவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்காது, சம்மதமா என்று விளக்கமாகக் கேட்டாள். முதலாளியம்மா எல்லோரையும் போலப் பாதியிலேயே சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கடைக்குள் காலை வைத்ததும் காது மிஷின் கடைக்கே கேட்கும்படி சொன்னது: "மூணாவது மிஷினுக்குப் பின்னாடி உங்ககிட்ட பேசின பேச்சு நிறையக் கிடக்கு. எனக்கு அதைப் படிக்கத் தெரியும். ஆனா பேசினவர் சம்மதம் இல்லாம படிச்சுக் காட்டமாட்டேன்."

"யாரு பேசினது?"

"அதையும் அவரே சொல்லட்டும்."

கடையில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் சட்டைக் காலரைத் தீய்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா அதட்டிப் பார்த்தாள். "நான் வாங்கின மிஷின் நீ. சொன்னதைச் செய்." அது மசியவில்லை. "உங்க காதுக்கு நான் வேலை செய்யறேன். அவர் பேச்சு அவரோடது," என்றது. விடுவிடுவென்று டாக்டரிடம் போய் நியாயம் கேட்டாள். "மாத்திடலாம்மா," என்றாள் டாக்டரம்மா. "ஆனா நாளைக்கு உங்க பேச்சையும் உங்களைக் கேக்காம நாலு பேர்கிட்ட சொல்லும். பரவாயில்லையா?" தெருவில் ஒரு வீட்டைக்கூட விட்டுவைக்காமல் வம்பு பேசியிருந்த முதலாளியம்மா, அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

இஸ்திரிக்காரருக்கோ சோறு இறங்கவில்லை. முன்பு ஒரு தடவை அவர் வீட்டை விட்டுப் போய்விட நினைத்துப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார். அந்தப் பேச்சும் குவியலில் கிடந்தது. அது தெரிந்தால் அவளே பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவாள் என்று பயந்தார். கோணிப்பையில் அள்ளிப் பார்த்தார்; பை நிரம்பியது, குவியல் குறையவில்லை. மிஷினில் போட்டு அலசியும் பார்த்தார். பளிச்சென்று முன்னைவிட உப்பி வெளியே வந்தது. அவளுக்கும் நிம்மதி இல்லை. ஒருத்தர் தன்னிடம் மலையளவு பேசியிருக்கிறார், தனக்கு ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லையே என்று குவியலையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு மத்தியானம் எட்டு மிஷின்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். "என்னங்க," என்றாள். "திட்டியிருந்தாலும் பரவாயில்லை. எனக்குன்னு பேசினதுதானே? கொடுங்களேன்." அவள் அவரிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள்.

"அந்தக் காது மிஷின் படிக்க வேண்டாம். நானே சொல்றேன்," என்றார் அவர். ஒரு பிடி பஞ்சை எடுத்ததும் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. இருப்பதிலேயே மோசமானதை முதலில் சொன்னார். "ஒரு தடவை வீட்டை விட்டே போயிடலாம்னு பெட்டியை எடுத்தேன். உன் பக்கத்துல நின்னா நான் ஒரு ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு." அவள் அழுதாள். "அப்புறம் ஏன் போகலை?" என்றாள். "பீரோவைத் திறந்தேன். என் சட்டையெல்லாம் நீ மடிச்சு அடுக்கி வெச்சிருந்த. கலைக்க மனசு வரலை."

சொல்லி முடித்த பிடி எடையில்லாமல் எழும்பி ஜன்னல் வழியாகப் போயிற்று. அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம் கடை அடைப்பு. அவர் ஒவ்வொரு பிடியாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவள் குறட்டை விடுவதாக வந்த பிடிக்கு மட்டும் ஒரு வாரம் சண்டை நடந்தது. தெருவில் போகிறவர்கள் தலைமயிரில் பஞ்சோடு போனார்கள். அது தங்களுக்கான பேச்சு இல்லை என்பதால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இப்படியே சில வருஷம் போனது. இருவரும் இரண்டு சுற்றுப் பெருத்தார்கள், அத்தனை சந்தோஷம்.

அடியில் மிஞ்சிய கடைசிப் பிடி பேச்சு இல்லை, பாட்டு. இஸ்திரிக்காரர் வெட்கப்பட்டார். அவள் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். காது மிஷின் மெல்லக் கேட்டது: "சுருதி ரொம்ப விலகுது. சரிபண்ணிக் கொடுக்கட்டுமா?"

"கை வெக்காதே," என்று முதலாளியம்மா உரக்கவே சொன்னாள். "அவர் பாடற மாதிரியே எனக்குக் கொடு."

அதைக் கேட்ட இஸ்திரிக்காரர் இன்னும் சத்தமாக, இன்னும் விலகிப் பாடினார். வெளியே துணி வாங்க வந்து நின்றவர்கள் தோளில் விழுந்த பஞ்சைத் தட்டிவிட்டபடி, பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.