பழுது பலகை மாட்டிய ஜாடி

ஸ்பானர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தே நடந்திருக்காது.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிப்டின் இரும்பு வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்கிடம் சொன்னான். எதைப் பேசினாலும் கையில் ஒரு ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டே பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அண்ணே, குடியை விட்டுப் பதினோரு மாசம் ஆச்சுங்கறீங்க. நல்லது. ஆனா சாயங்காலமானா எங்களைப் பாத்ததும் பையைத் தூக்கிட்டு ஓடிடறீங்க. ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவனுக்குக் குத்துச்சண்டை மெடல் குடுக்க முடியுமா? எங்க நடுவுல உக்காந்து காட்டுங்க, அப்ப ஒத்துக்கறேன்."

ஏணியில்லாமலே மேல்விளக்கை மாற்றக்கூடிய நெட்டை, விளக்கைப் பிடித்தபடியே சிரித்தான். மெக்கானிக் ஒரு போல்ட்டைத் தேவைக்கு மேல் இரண்டு சுற்று முடுக்கினான். கருவிப் பையை மூடிய பிறகுதான் வாய் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க. நான் குடுக்கறதைத்தான் குடிக்கணும்."

"என்ன குடுப்பீங்க?"

"வந்து பாரு."

என்ன கொடுக்கப் போகிறோம் என்று அவனுக்கே அப்போது தெரியாது. அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள்தான் வழி சொன்னாள். அன்னாசியைத் தோலோடு நறுக்கி, சர்க்கரையும் இரண்டு கிராம்பும் போட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டிக் குளிரவைத்தால் போதும். "ஒரு ராத்திரிதான், அதுக்கு மேல வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் தலையாட்டினான், ஆனால் நம்பவில்லை. இருபது வருஷம் குடித்தவனுக்கு ஊறியதன் மேல் இருக்கும் மரியாதை சுலபத்தில் போகாது. ஓர் இரவில் என்ன ருசி வந்துவிடப் போகிறது? புதன்கிழமையே இரண்டு பழத்தை வாங்கி வந்து பெரிய கண்ணாடி ஜாடி நிறையப் போட்டு, ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தான். நல்ல சூடான இடம். அதுவும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மூடியைத் திருகினான். மூடி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. மூளைக்கு எட்டும் முன்பே அவன் மூக்குக்குப் புரிந்துவிட்டது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. பதினோரு மாதமாகத் தூங்குகிறது என்று நினைத்திருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்து, வந்துட்டியா என்று கேட்டது போலிருந்தது.

மனைவி பக்கத்தில் நின்றாள். வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஜாடியை அவள் பார்க்கவில்லை, அவன் தொண்டையைப் பார்த்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் காலண்டரில் அவன் குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போடுபவள் அவள்தான். அன்றைய கோடு இன்னும் போடப்படவில்லை.

"புளிச்சுடுச்சு" என்றான் அவன்.

"தெரியுது."

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தான். பஸ் கண்டக்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுத்த நிறுத்தத்தைக் கூவுகிற குரலில்தான் பேசுவான். சமையலறை வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மச்சான், வீடு மணக்குது?"

எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அட, தங்கமான மனுஷனய்யா நீ. இதைத்தான் பழச்சாறுன்னு ஊரைக் கூப்பிட்டியா?"

"தப்பாப் போச்சு மச்சான். கொட்டப் போறேன்."

"எதுக்குக் கொட்டணும்? நீ கடைக்குப் போனியா, இல்ல. கேட்டு வாங்கினியா, இல்ல. வண்டி தானாக் கிளம்பியிருக்கு. நீ தள்ளவும் இல்ல, விசில் குடுக்கவும் இல்ல. இதையெல்லாம் குடின்னு யாரு சொல்லுவா? ஐஸைப் போட்டு ஊத்து. ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

"அரை கிளாஸ்டா. பழம்தானே."

"அண்ணா, வாயை மூடு" என்றாள் தங்கை.

மெக்கானிக்கின் கை ஜாடியின் கழுத்தில் இருந்தது. தூக்கிச் சாய்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கை எழவில்லை.  இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

அவன் ஜாடியை விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனான். கருவிப் பையிலிருந்து ஒரு தகரப் பலகையை உருவிக்கொண்டு வந்தான். கொக்கி உடைந்ததால் சரிசெய்ய வீட்டுக்கு எடுத்து வந்த பலகை. சிவப்பு எழுத்தில் 'பழுது. ஏறாதீர்கள்' என்றிருந்தது. அவர்கள் தொழிலில் இது முதல் பாடம். லிப்டில் சின்னச் சத்தம் கேட்டாலும் முதலில் பலகையை மாட்டு, பிறகுதான் கருவியைத் தொடு. பலகை மாட்டாமல் யோசித்துக்கொண்டு நிற்கும் ஒரு நிமிஷத்தில்தான் யாராவது ஏறிவிடுவார்கள்.

மனைவியின் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவி, பலகையின் ஓட்டையில் கோத்து, ஜாடியின் கழுத்தில் மாட்டினான்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றான் மச்சான்.

"படிக்கத் தெரியும்ல? படி."

இப்போது கை எழுந்தது. பலகையோடு சேர்த்தே ஜாடியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். அவள் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள். நான்கு நாள் நுரைத்தது நாற்பது நொடியில் போய்விட்டது. அன்னாசித் துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டு, மேலே ஒரு பிடி தையல் வெட்டுத் துணியையும் போட்டு மூடினாள்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு மெடல்தான் குடுக்கணும்" என்று முனகிக்கொண்டே மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தான். "இப்ப வர்றவங்களுக்கு என்ன குடுப்ப? குழாய்த் தண்ணியா?"

வீட்டில் ஒரு பெரிய தர்பூசணி இருந்தது. ஆறு எலுமிச்சை, ஒரு கட்டுப் புதினா, ஒரு விரல் நீள இஞ்சி. மணி பன்னிரண்டு ஆகவில்லை, அழைப்பு மணி அடித்துவிட்டது. ஸ்பானரின் கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. பின்னால் நெட்டை நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து நுழைந்தான்.

"சும்மா கொண்டுவந்தேன் அண்ணே. தைரியத்தைப் பாக்கலாம்னு."

"வை மேஜையில. நடுவுலயே வை" என்றான் மெக்கானிக். ஜாடியிலிருந்து நாடாவை அவிழ்த்து, ஈரம் சொட்டும் பலகையைக் கொண்டுபோய் அந்தப் பாட்டிலின் கழுத்தில் மாட்டினான். "போட்டு வெச்சிருந்த அன்னாசிச் சரக்கு புளிச்சுடுச்சு. முழுசாக் கொட்டிட்டேன். புதுசாத்தான் செய்யணும். கையைக் கழுவிட்டு வாங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

ஸ்பானர் வாயைப் பிளந்தான். "புளிச்சுதா? ஒரு வாய்கூடப் பாக்கலையா?"

"பாத்திருந்தா நீ மணி அடிச்சிருக்கவே வேணாம். வாசல்லயே நின்னு உன் பாட்டிலுக்காகக் காத்திட்டிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேலதிகாரிக்கு முன்னால்கூட இப்படி அடங்கி நிற்காத ஸ்பானர், நேரே போய்க் கையைக் கழுவிக்கொண்டான்.

நெட்டை தர்பூசணியை வெட்டினான். மெக்கானிக் சதையைக் கையாலேயே பிசைந்து வடிகட்டினான். விதைகள் வடிகட்டியில் கறுப்பாகக் குவிந்தன. எலுமிச்சை அவள் பங்கு. இஞ்சியை ஸ்பானரிடம் கொடுத்துப் பாதியைத் தட்டிப் போடச் சொன்னார்கள். அவன் பாட்டிலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே முழுவதையும் தட்டிப் போட்டுவிட்டான். உப்பு ஒரு சிட்டிகை, கசக்கிய புதினா, ஐஸ்.

முதல் கிளாஸ் மச்சானுக்கு. ஒரு மடக்கு குடித்தான். கண் சிவந்து, இருமி, நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"டேய், இது எரியுதுடா."

"இஞ்சி மச்சான். தொண்டைக்கு எரிச்சல் பிடிக்கும்னா அது வேற வழியிலயும் கிடைக்கும்."

நெட்டை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினான். "இதுல ஒண்ணு குறையுதுண்ணே."

"என்ன?"

"இன்னொரு கிளாஸ்."

அப்போதுதான் சிரிப்பு வந்தது. மச்சான் மட்டும் கடைசிவரை உதட்டைச் சுழித்தபடி இருந்தான், ஆனால் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மேஜை நடுவில் பாட்டில் அப்படியே நின்றது. அதைச் சுற்றித்தான் தட்டுகள் நகர்ந்தன. மெக்கானிக் அதற்கு எதிரேயே உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு தடவை நகர்த்தக்கூட இல்லை.

மூன்று மணிக்கு ஸ்பானர் எழுந்தான். பாட்டிலை எடுக்கப் போனவன் தயங்கினான்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் அண்ணே. பலகையைக் கழட்டிடலாமா?"

"அது வேலை முடிஞ்சாத்தான் கழட்டணும்."

"எப்ப முடியும்?"

"இந்த வேலை முடியாது. பாட்டிலைப் பலகையோட எடுத்துட்டுப் போ, நாளைக்கு டூட்டிக்குக் கொக்கி போட்டுக் கொண்டா" என்ற மெக்கானிக், நெட்டையின் கிளாஸை வாங்கி மறுபடி நிரப்பினான்.

உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தமும், சாக்பீஸ் கீறும் சத்தமும் கேட்டன.