மஞ்சள் சுவருக்குத் தொப்பை

சுரங்க ரயில் நிலையம் கட்டும் வேலையில் அவளுக்கு மேலாளராக வாய்த்தவர் அவளுடைய அக்கா புருஷன். வீட்டில் அத்தான், வேலையிடத்தில் சார். இரண்டு இடத்திலும் அவர் வாய் ஓயாது என்பதால் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. சுவர் வழியே நிலத்தடி நீர் உள்ளே வராமல் மெம்பிரேன் தெளிக்கும் குழுவுக்கு அவள் பொறுப்பு. கான்கிரீட்மேல் மஞ்சள் குழம்பைப் பீய்ச்சி அடிப்பார்கள். காய்ந்தால் ரப்பர் தோல்போலப் பிடித்துக்கொள்ளும். அத்தான் அதை இன்றுவரை பெயின்ட் என்றுதான் சொல்கிறார்.

நிறுவனத் தலைவர் பார்வையிட வருகிறார் என்றதும் அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நடைமேடையின் ஒரு மூலையில் சுவர் கசிந்துகொண்டிருந்தது. அங்கே மட்டும் அவள் தெளிக்காமல் விட்டிருந்தாள்.

“அந்த மூலை மொட்டையா நிக்குது. அதையும் அடிச்சு முடி.”

“தண்ணி ஓடுது சார். துளை போட்டு, குழாய் வச்சு, தண்ணிய வெளிய எடுத்தப்புறம்தான் அடிக்கலாம்.”

“துணியால துடைச்சிட்டு அடி. அவர் என்ன சுவரை நக்கியா பார்க்கப்போறார்?”

“துடைச்சா மறுபடி ஊறும் சார்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிரு. உங்க அக்காவும் இப்படித்தான்.”

அவள் அடுத்த சுரங்கத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் மூலை மஞ்சளாக மின்னியது. அவளுடைய ஆட்களை விரட்டி வேலை வாங்கியிருந்தார். போதாததற்குத் தெளிப்புக் குழாயைத் தானே பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் சப்பாத்து இரண்டும் மஞ்சள்.

மறுநாள் காலை சுவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ள, காயாத தோல் உப்பி, ஏறக்குறைய அத்தானின் தொப்பை அளவுக்கு வந்துவிட்டது. சரிசெய்ய நேரமில்லை, தலைவரின் கார் வந்துவிட்டது.

தலைவர் நேரே அதன்முன் போய் நின்றார்.

“இது என்ன?”

“அது வந்து சார், அதிர்வு தாங்குற மெத்தை. ரயில் போறப்ப சுவர் ஆடாம இருக்க.”

“நல்ல யோசனையா இருக்கே. மத்த ஸ்டேஷனுக்கும் போடலாம்.”

பின்னால் வந்த கோட்டு சூட்டுகள் எல்லாம் தலையாட்டின. ஒருவருக்குக்கூடத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. அக்காவின் முகம் நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளுக்குச் சகிக்காமல் போனவர்களில் அப்போது அவளும் ஒருத்தி.

கார் போனதும் அத்தான் குரலைத் தாழ்த்தினார். “யாருக்கும் தெரியாம சரி பண்ணிடும்மா.”

அவள் இடுப்புக் கத்தியை எடுத்து நீட்டினாள். “நீங்க வச்ச மெத்தை. நீங்களே கிழிங்க.”

“உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா…”

“கத்தியப் பிடிங்க அத்தான்.”

வேலையிடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கிழித்தார். சிமெண்டுச் சாம்பல் நிறத் தண்ணீர் மார்பில் கொட்டிச் சட்டை, பான்ட், சப்பாத்து என்று இறங்கியது. அவள் சுற்றுவட்டம் முழுக்கத் தோலை உரித்து, துளை போட்டுத் தண்ணீரை வடித்து, கசிவை அடைத்து, புதிதாகத் தெளிக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் கதையளந்தார்: சுவரில் கை வைத்ததுமே உள்ளே தண்ணீர் என்று கண்டுபிடித்தாராம், நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தானே கிழித்தாராம்.

“நீயும் அங்கதானே இருந்த, ஒரு வார்த்தை சொல்லலையேடி,” என்றாள் அக்கா.

“சொல்ல வேண்டிய இடத்துல சொல்லலக்கா. நாளைக்குத் தலைவரைப் பார்த்துச் சொல்லிடப்போறேன், அது மெத்தையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லன்னு.” நடந்ததை ஒன்று விடாமல் அக்காவுக்குச் சொன்னாள்.

அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தங்கைக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

“காலையிலேயே போய் சொல்லிடு,” என்றாள்.