துன என்றால் மூன்று

சிங்களத்தில் நாலு ஹதர, ஏழு ஹத. எட்டு வருசமாக இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் இந்த இரண்டிலும் தடுக்கி விழாத வருசமே இல்லை. ஒருநாள் கலண்டரில் சப்தமி என்று கண்டேன். ச-வை எடுத்துவிட்டு ஹ-வைப் போட்டால் ஹத வந்து நிற்கிறது! சதுர்த்தி ஹதர, சஷ்டி ஹய, தசமி தஹய. நம்முடைய திதிகளுக்கும் அவர்களுடைய எண்களுக்கும் ஒரே வடமொழி வேர். அவர்கள் வாயில் ச தேய்ந்து ஹ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கிழமை எங்கள் சாம்பல்தீவுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தடக்காமல் எண்ணினார்கள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

மாகாணப் பள்ளிகளுக்கு ஒரு சிங்கள வழிகாட்டி நூல் எழுத ஓர் ஆசிரியரைத் தெரிவுசெய்யப்போவதாகவும், மாதிரி அனுப்பும்படியும் கடிதம் வந்தது. நான் எழுத ஆசைப்பட்ட ஒரே புத்தகம் அது. பக்கத்து மேசைத் தயாளினி, "உங்கடை கையெழுத்து ஒருத்தருக்கும் விளங்காது, தாங்கோ, நான் ரைப் பண்ணி அனுப்பிவிடுறன்" என்றாள். ஆறு வருசம் என்னோடு ஒரே வான் வண்டியில் பள்ளிக்கு வந்து போனவள். திதிக் கணக்கெல்லாம் எழுதி வைத்திருந்த கொப்பியைக் கொடுத்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் தெரிவு நடந்தது. தயாளினியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். திரையில் என் சப்தமி, என் சஷ்டி. கீழே அவளுடைய பெயர் மட்டும். என் பெயரைக் கடைசியில் சொல்வாள் என்று விசரி மாதிரிக் காத்திருந்தேன்.

பிறகு மூன்று, அதுதான் துன, திரையில் வந்தது. 'திரிகோணம் சுருங்கித் துன ஆயிற்று.' திருகோணமலைக்காரியைத் தவிர வேறு யாருக்கு அப்படித் தோன்றும்? அதை எழுதிய அன்று எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல.

கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் சிரித்தார். "அருமையான வேலை மிஸ். துன மட்டும் பிழை. அது பாளி மொழியின் தீணி என்ற சொல்லிலிருந்து வந்தது."

தயாளினி கொஞ்சமும் தடுமாறவில்லை. "அந்த ஒண்டு மட்டும் என்ரை இல்லை சேர். அங்கை இருக்கிற சுதர்ஷிகா மிஸ் சொன்னவ. நான் நம்பிப் போட்டனான்."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. எழும்பினேன். "சேர், மிச்சமும்..."

"பரவாயில்லை மிஸ், இருங்கோ," என்றார் அவர், மிகவும் அன்பாக. "பிழை எல்லாருக்கும் வரும்."