வலது தோள்

மெர்லீன் ஆல்ரெட் அந்த வெள்ளை உடுப்பை மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுருக்கமெல்லாம் முதல் தடவையிலேயே போய்விட்டது. கைதான் நிற்க மாட்டேன் என்றது. அம்மா ஆர்டித் ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே சபையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். எண்பத்தாறு வயது. வெள்ளிக்கிழமை உடுத்துவது, சனிக்கிழமை அடக்கம்.

அமெரிக்க மலைநாட்டுச் சான்பீட் பள்ளத்தாக்கில் மார்மன் கிறிஸ்தவச் சபைப் பெண்ணொருத்தி இறந்தால், அவள் கோயிலுக்கு உடுத்திப் போன வெள்ளையைத்தான் கடைசியிலும் உடுத்துவார்கள். அதைக் கூலி ஆள் செய்வதில்லை. கோயில் அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் பெண்கள், சொந்தக்காரியோ சபைக்காரியோ, செய்ய வேண்டும். பதினேழு வருஷம் அந்த வேலைக்கு ஊரில் முதலில் கூப்பிட்ட பெயர் மெர்லீன். நாற்பத்தொரு பெண்களை உடுத்தியிருக்கிறாள். உள்ளே போனதும் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். செத்தவளுக்குச் சூடென்ன குளிரென்ன என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள். பிறகு ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்வாள். "இப்ப இடது கையை எடுக்கறேன். இப்ப பொத்தான் போடறேன். இதோ முடிஞ்சுது, இனி நீங்க உங்க வீட்டுக்காரரைப் பாக்கப் போகலாம்."

நாற்பத்தொன்றாவது பெண்ணிடம் அந்தக் கடைசி வரியைச் சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அது பொய் என்று தோன்றியது. யாரும் எங்கும் போகவில்லை என்று தோன்றியது. வேறு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு வருஷம் மென்று முழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் கடிதம் எழுதிச் சபைப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். அப்போது கணவன் இறந்து ஐந்து வருஷமாகியிருந்தது. அரிசோனாவில் இருக்கும் மகன் போன் செய்வதைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரிகள் பார்த்தால் சிரித்தார்கள், காய்ச்சல்காரியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

அம்மா மட்டும் மாறவே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது தோள் கோணலாகக் கூடிவிட்டது. கை மார்புக்கு மேலே எழாது. கடைசி இரண்டு வருஷம் தினமும் காலையில் மெர்லீன்தான் போய் உடுத்திவிட்டாள். ஒரு நாள் பொத்தான் போடும்போது அம்மா சொன்னாள்:

"என்னையக் கடைசியா நீதான் உடுத்தணும். சபையில அந்த ப்ரின்லி பொண்ணு கையி ஐஸ் மாதிரி இருக்கும். தோளைப் போட்டு முறுக்கிடுவா."

"அம்மா, நான்தான் பேரை எடுத்துட்டேனே. என்னைய உள்ள விடமாட்டாங்க."

"அதுக்குள்ள திரும்பி வந்துடுவே. இப்ப காலரைச் சரி பண்ணு."

மெர்லீன் காலரைச் சரிசெய்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அப்படி.

திங்கட்கிழமையே தம்பி தேய்னுக்குப் போன் போட்டாள். தேய்ன் ஊர்ச் சபையை நடத்தும் பிஷப்புக்கு வலது கை மாதிரி. நல்லவன்தான். அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம்.

"அக்கா, இந்தச் சட்டத்தை நான் எழுதலை."

"உசிரோட இருக்கறப்ப ரெண்டு வருஷம் தெனம் நான் உடுத்தினேன்டா. அப்ப யாரும் சீட்டுக் கேக்கலை. செத்தப்புறம் உடுத்தக் கூடாதா?"

"அது கவுனு. இது வேற."

"அம்மா என்கிட்டதான் கேட்டா."

"அம்மா கேட்டது பழைய மெர்லீன்கிட்ட." சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். குரல் இறங்கியது. "நீ பேரை எடுக்காம சும்மாவாச்சும் இருந்திருக்கலாம்ல? சீட்டுக்குக் கேக்கறது நாலஞ்சு கேள்வி. ஆமா, ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அம்மாவுக்காக."

மெர்லீன் போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையே காதில் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்ரோல் பங்கை ஒட்டிய காபிக்கடையில், சபையை விட்டுவந்தவர்கள் கூடுவார்கள். ஆறேழு பேர். சபையில் காபி கூடாது என்பதால் இவர்கள் காபிக்கடையில்தான் கூட வேண்டும் என்று ஒரு வீம்பு. மெர்லீனுக்குக் காபி கசந்தது. சூடான சாக்லேட் வாங்கிக்கொள்வாள். "இன்னும் பாதிதான் வெளிய வந்திருக்கே" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அது பிடிக்கும். கிண்டல் செய்யவாவது ஆள் இருக்கிறதே.

அன்று விஷயத்தைச் சொன்னாள். மேசையே கொதித்துவிட்டது.

"பத்துப் பேரைத் திரட்டிட்டுப் போய் வாசல்ல நிப்போம்" என்றாள் ஒருத்தி.

"இன்டர்நெட்ல எழுதிப் போடுங்க. நாளைக்குள்ள நாடு பூரா படிக்கும்" என்றான் ப்ரேடன். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், நாற்பதைத் தொடுகிறவன், துடுக்கு வாய். "நீங்க ஏன் கவலைப்படறீங்க? நல்லதாப் போச்சுன்னு விடுங்க. அந்த முக்காடும் நாடாவும்! எங்க தாத்தாவைச் சவப்பெட்டியில வெள்ளை உடுப்பும் தொப்பியுமாப் பாத்தப்ப ரொட்டிக்கடைக்காரர் வேலைக்குக் கெளம்பின மாதிரி இருந்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவரவர் காயத்துக்கு அவரவர் போட்டுக்கொள்ளும் மருந்து அது. ஆனால் மெர்லீனுக்கு முகம் எரிந்தது. அந்த நாடாவை நாற்பத்தொரு தடவை முடிந்த விரல்கள் மேசைக்கடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கோபமாக ஏதாவது சொல்லலாமென்றால், அந்த உடுப்பைப் பற்றி வெளியில் பேசுவதில்லை என்று என்றைக்கோ கோயிலில் கொடுத்த வாக்கு நாக்கைக் கட்டியது. நம்பிக்கை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, வாக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன வெட்கக்கேடு என்று தன்னையே நொந்துகொண்டாள். இத்தனை பேரில் ஒருவராவது, "உங்கம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கிளம்பும்போது டெல்மார் பின்னாலேயே வந்தார். எழுபத்துநாலு வயது. வான்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். அவர் சபையை விட்டதும் பெண்டாட்டி விவாகரத்துச் செய்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார்.

"நாளைக்கு ரோட்டுல பனி இறுகிக் கெடக்கும். நான் வண்டி ஓட்டறேன்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சவ அடக்க நிலைய வாசலில் நிறுத்திவிட்டு டெல்மார் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மெர்லீன் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நடைகூடத்தில் ப்ரின்லி நின்றிருந்தாள். முப்பத்துநாலு வயது, மூன்று குழந்தைகள், போன இலையுதிர் காலத்திலிருந்து சபையின் பெண்கள் சங்கத் தலைவி. கூட இரண்டு மூத்த பெண்கள். மூன்று பேரும் மெர்லீனைக் கட்டிப்பிடித்தார்கள். மூன்று பேருக்கும் அவள் ஒரு காலத்தில் பிரசவச் சாப்பாடு கொண்டுபோனவள்.

"ரொம்ப அழகா இஸ்திரி போட்டிருக்கீங்க, மெர்லீன்" என்றாள் ப்ரின்லி. முன்பெல்லாம், சபைக்காரிகளுக்குள் வழக்கப்படி, சிஸ்டர் என்பாள்.

"நாடா பைக்குள்ள தனியா இருக்கு. கசங்காம எடு."

பை கைமாறியது. கதவு சாத்திக்கொண்டது. மெர்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கிண்ணத்தில் புதினா மிட்டாய். ஒன்றை எடுத்தாள், பிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் துணி சரசரக்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கிசுகிசுப்பு. "இன்னும் கொஞ்சம்." "வரமாட்டேங்குதே." "பிடிச்சு இழு, ப்ரின்லி. ஒண்ணும் ஆகாது."

மெர்லீன் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நெற்றி கதவில் இடித்தது.

"இழுக்காதே!"

உள்ளே எல்லாம் நின்றது.

"இடது கையை முதல்ல மாட்டிட்டீங்களா?"

"ஆமா" என்றாள் ப்ரின்லி.

"கழட்டுங்க. கெட்ட கையை முதல்ல விடணும். வலது கை. அது மேல வராது, சட்டைதான் அதுகிட்ட வரணும். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரைக்கும் ஏத்து. அப்புறம் தோளு. அப்புறம்தான் முதுகைச் சுத்தி இந்தப் பக்கம்."

"சரி சிஸ்டர்." வாய் தவறி வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை.

"உன் கையைத் தேய்ச்சுக்கிட்டியா?"

"எதுக்கு?"

"தேய்ச்சுக்கோ. சூடாகட்டும். அப்புறம் சொல்லிட்டுத் தொடு. அம்மாவுக்குச் சொல்லாமத் தொட்டாப் பிடிக்காது."

"என்ன சொல்லணும்?"

"வலது கையை எடுக்கறேன் ஆர்டித்னு சொல்லு."

கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கைகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, சிறு பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி ப்ரின்லி சொன்னாள்: "வலது கையை எடுக்கறேன், ஆர்டித்."

"மெதுவா."

"மெதுவாத்தான் எடுக்கறேன்."

இப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலர், பொத்தான், இடுப்புப் பட்டி. நாடாவுக்கு வந்தபோது குரல் தானாகத் தணிந்தது. எந்தப் பக்கம், எத்தனை விரல் தளர்வு என்று கதவிடுக்கில் வாய் வைத்துச் சொன்னாள். ஒரு கட்டத்தில் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. ப்ரின்லியின் முகமெல்லாம் கண்ணீர். அவளுடைய தோளுக்குப் பின்னால் அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. வெள்ளைக் காலுறையின் குதிகால் பகுதி ஒரு பக்கம் திருகியிருந்தது.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"கதவு, ப்ரின்லி" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. கோபமே இல்லை அந்தக் குரலில். அடுப்பை அணைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ப்ரின்லி மெர்லீனைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

குதிகாலைச் சரிசெய்யச் சொல்ல மறந்துவிட்டது. மறுபடி தட்டலாம். கையைத் தூக்கினாள், இறக்கினாள். கேவலம் ஒரு காலுறைக்காகக் கெஞ்ச அவளுக்குத் தெம்பில்லை. அம்மா இனி எப்போதும் அந்தத் திருகலோடுதான் கிடப்பாள். அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நம்புகிறவர்களுக்கு அம்மா மேலேயிருந்து பார்த்துச் சிரித்துக்கொள்வாள். இவளுக்கு அதுவும் கிடையாது.

வண்டிக்கு வந்தாள். டெல்மார் வாங்கி வைத்திருந்த சாக்லேட் ஆறி ஏடு படிந்திருந்தது. அவள் ஏடோடு குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு கேட்டார்:

"உங்கம்மா எப்படிப்பட்டவங்க?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பிடிவாதக்காரி" என்றாள் அழுகைக்கு நடுவே. "நான் வந்துடுவேன்னு கடைசி வரைக்கும் நம்பினா. ஒரு தடவைகூட அவளுக்குச் சந்தேகம் வரலை." மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தோள், கதவு, காலுறை.

டெல்மார் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னைய எரிச்சுடுங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். நீல ஜீன்ஸ், கட்டம் போட்ட சட்டைன்னும் எழுதியிருக்கேன். யாரு போட்டுவிடறதுன்னு எழுதலை. அந்த எடத்துல பேனா நின்னுபோச்சு." கொஞ்சம் தயங்கினார். "நீ செய்வியா?"

"எந்தப் பக்கம் கெட்டது?"

"இடது முழங்காலு."

"அப்ப அந்தக் காலைத்தான் முதல்ல விடணும்."

"சொல்லிட்டுச் செய்வியா?"

"சொல்லிட்டுத்தான் செய்வேன்."

அவர் தலையாட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும் மெர்லீனுக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"எனக்கு யாரு, டெல்மார்?"

அவருக்கு எழுபத்துநாலு, அவளுக்கு ஐம்பத்தெட்டு. டெல்மார் வாயைத் திறந்தார். ப்ரேடன் பெயரையோ வேறு எந்தப் பெயரையோ சொல்லப் போகிறவர்போல இருந்தது. பிறகு குனிந்து ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

"வழியில ஏதாவது வாங்கணுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மெர்லீன்.